தூளியில் கிடந்த பெட்டி

ஜூன் 3, செவ்வாய்

அச்சகத்துக்காரர் ஒருவர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை மாதமாக மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்தேன். இன்று பூங்கொடி அதை எடுத்து என் முன்னால் போட்டாள். "எதுக்கெடுத்தாலும் எம்மேல எரிஞ்சு உழுகறதுக்கு இதுல எழுதித் தொலைங்க. இது திருப்பிப் பேசாது" என்றாள்.

முதல் பக்கத்தில் பெயர், தொழில், ரத்த வகை எல்லாம் கேட்டிருக்கிறார்கள். பெயர் சென்னியப்பன். தொழில், அச்சகங்களுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுப்பது. கல்யாணப் பத்திரிகை முதல் கண்ணீர் அஞ்சலி வரை ஈரோட்டில் பாதிப் பேருடைய நல்லது கெட்டது என் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் உருவாகிறது. ரத்த வகை தெரியாது. கொதிக்கும் வகை என்று மனைவி சொல்கிறாள்.

கொதிக்கக் காரணம் இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டர் சத்தம் போடுகிறது. ஸ்விட்ச் போட்டதும் உய்ங் என்று ஆரம்பித்து, படம் ஏதாவது பெரிதாகத் திறந்தால் மாவு மில் மாதிரி இரைகிறது. ஏழு வருஷமாக இரைகிறது. இப்போதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. அதற்குத் தனியாகக் காரணம் ஒன்றும் இல்லை.

ஜூன் 5, வியாழன்

பூங்கொடி கேட்கிறாள்: "எதுத்தாப்புல நாச்சிமுத்தண்ணன் குடோன்ல எட்டுத் தறி ஓடுது. செவுரே அதிருது. அது கேக்கலீங்களா? இது மட்டும் கேக்குதாக்கும்?"

தறி வெளியே ஓடுகிறது, இது உள்ளே ஓடுகிறது என்றேன். விசைத்தறி நாச்சிமுத்து அண்ணனுடைய பிழைப்பு. அதை நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இது என் பெட்டி. வாயை மூடு என்று சொல்ல முழு உரிமை இருக்கிறது.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் துணி துவைக்கப் போனாள்.

ஜூன் 8, ஞாயிறு

பெட்டியைத் திறந்தேன். உள்ளே தூசி மட்டும் இல்லை, தெருவே இருந்தது. எதிர் குடோனிலிருந்து பறக்கும் பஞ்சு ஃபேனைச் சுற்றி மெத்தை கட்டியிருந்தது. பெயின்ட் பிரஷ் வைத்துப் பாங்காகத் தட்டி எடுத்தேன். ஃபேனின் நடுவில் பூங்கொடியின் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். ஹவாய் செருப்பு ஒன்றை வெட்டி நான்கு மூலைக்கும் அடியில் கொடுத்தேன்.

மூடிப் போட்டேன். உய்ங் போய்விட்டது. இப்போது ஊம் என்று இரைகிறது. சுருதிதான் இறங்கியிருக்கிறது.

வெட்டியது அவளுடைய செருப்பு என்று பிறகுதான் தெரிந்தது. ஜோடியில் ஒன்றைத்தானே வெட்டினேன் என்றேன். எரிந்து விழுந்தது இந்த முறை நான் இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

தத்து அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பூங்கொடிதான் எடுத்தாள். நாங்கள் குழந்தைக்குப் பதிந்து வைத்து நாலாவது வருஷம் நடக்கிறது. முதலில் வந்து வீட்டைப் பார்த்து எழுதிய அறிக்கைக்குக் கெடு முடிந்துவிட்டதாம். சகாயமேரி என்று ஒரு மேடம் மறுபடி வந்து பார்ப்பார். அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். அவர் நல்லபடியாக எழுதினால் வரிசையில் பெயர் நிற்கும். இல்லாவிட்டால் அடித்துவிடுவார்கள். என்றைக்கு வருவார் என்று சொல்ல மாட்டார்களாம்.

பூங்கொடி போனை வைத்துவிட்டு ஜன்னல் கம்பியெல்லாம் துடைத்தாள்.

நான் கம்ப்யூட்டருக்குப் புது ஃபேன் வாங்கப் போனேன். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. முன்பே போவதாக இருந்தேன்.

ஜூன் 14, சனி

கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ரபீக் புது ஃபேன் போட்டுக் கொடுத்தான். "இனி மூச்சு விடறதுகூட கேக்காதுண்ணா" என்றான். உண்மைதான், ஃபேன் சத்தம் கேட்கவில்லை. ஆனால் அதற்கு அடியில் இத்தனை நாள் ஒளிந்திருந்த ஹார்ட் டிஸ்க் கரகர என்று பேச ஆரம்பித்துவிட்டது. ஒருவனை உட்கார வைத்தால் அவனுக்குப் பின்னால் இன்னொருவன் எழுந்து நிற்கிறான்.

ஜூன் 19, வியாழன்

பெட்டியைத் துணி பீரோவுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். உள்ளே சுற்றிலும் முட்டை அட்டை ஒட்டினேன். முட்டை அட்டை சத்தத்தைக் குடிக்கும் என்று இணையத்தில் ஒருவன் சொல்லியிருந்தான். அட்டைக்காக முட்டை வாங்கியதில் ஒரு வாரமாக மூன்று வேளையும் முட்டை.

"கடக்காரரு நாம முட்ட யாவாரம் ஆரம்பிச்சுட்டமான்னு கேக்கறாரு" என்றாள் பூங்கொடி.

பீரோ வைத்தியம் ஒரு மணி நேரம் அற்புதமாக வேலை செய்தது. பிறகு சூடு தாங்காமல் கம்ப்யூட்டர் தானாக அணைந்தது. சேமிக்காமல் வைத்திருந்த ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை வீடு முழுவதும் போய்விட்டது. பெண் வீடு மட்டும் மிச்சம். பீரோவில் இருந்த பூங்கொடியின் பட்டுச் சேலைகள் தோசைக்கல் மாதிரி சுட்டன.

ஜூன் 24, செவ்வாய்

இன்று பூங்கொடி நேராகவே கேட்டாள், அந்தப் பழைய ஆபீசர் சொன்னது மனதில் இருக்கிறதா என்று.

எனக்கு எதுவும் நினைவில்லை என்றேன். முதல் முறை வீடு பார்க்க வந்த அந்த மனிதர், கையில் எங்கள் காபியை வைத்துக்கொண்டே, இந்த அறையைச் சுற்றிப் பார்த்து, "இருக்கறது ஒரே ரூம், அதுல இந்த மெஷின் இப்படிக் கத்துனா குழந்தை எங்க சார் தூங்கும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டது எனக்குச் சுத்தமாக மறந்துபோய்விட்டது. நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தார்.

ஜூன் 27, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். மிச்சமிருந்த சத்தம் பெட்டியுடையது இல்லை. பெட்டியின் நடுக்கம் மேஜைக்குப் போய், மேஜையிலிருந்து தரைக்குப் போய், அறையே ரீங்காரம் போடுகிறது. பெட்டி எதையும் தொடாமல் இருந்தால் தீர்ந்தது. அந்தரத்தில் தொங்கவிட வேண்டும்.

நிமிர்ந்து பார்த்தேன். மேலே தூளிக் கொக்கி. எல்லா வீட்டையும் போல இந்த வீட்டையும் கட்டும்போதே ஜன்னலோரம் ஒரு கொக்கி வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். நாங்கள் குடிவந்த ஏழு வருஷமாக அதில் ஒட்டடை மட்டும்தான் தொங்குகிறது.

பூங்கொடியிடம் பழைய வாயில் சேலை ஒன்று கேட்டேன். காற்றுப் போகிற மாதிரி மெல்லியதாக வேண்டும் என்றேன். எதற்கு என்றாள். சொன்னேன். அவள் பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வந்தாள். பழைய சேலை இல்லை. மஞ்சளில் சின்னச் சின்னப் பூ போட்டது, நன்றாகத் துவைத்து மடித்து வைத்திருந்தது. இதைக் கட்டி நான் பார்த்ததே இல்லையே என்றேன். "கட்டறதுக்கு வெக்கல" என்றாள்.

தூளி கட்டிப் பெட்டியை உள்ளே கிடத்தினோம். பின்பக்கம் காற்றுக்கு வழி விட்டோம். ஒயர்களை மேலாக எடுத்து வந்தேன். ஸ்விட்ச் போட்டேன்.

ஒரு சத்தம் இல்லை. பச்சை விளக்கு மட்டும் சேலைக்குள்ளிருந்து தெரிந்தது. நாங்கள் இருவரும் தூளிக்கு இரண்டு பக்கமும் நின்று குனிந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தோம். எதிர் குடோனில் ஒரு பெண் தறியை விட்டுவிட்டு எங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறிவியலில் ஆர்வம் இருக்கிறது போல.

ஜூலை 1, செவ்வாய்

கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா தெய்வாத்தாள் அக்கா படியேறி வந்தார். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். "வெச்சுக்குங்க தம்பி. நாங் கேக்க மாட்டேன். நீங்களாச் சொல்றப்ப சொல்லுங்க" என்று கிசுகிசுத்துவிட்டு இறங்கிப் போனார்.

பொட்டலத்தில் வசம்பும் ஒரு கறுப்புக் கயிறும். வசம்பு வைத்தால் பூச்சி அண்டாது. பெட்டிக்குள் கரப்பான் போய்விடும் என்று நினைத்திருக்கிறார். வாடகையைத் தவிர எதையும் பேசாத மனுஷிக்கு இவ்வளவு கரிசனம். வசம்பைப் பெட்டிக்குள் ஓர் ஓரமாக வைத்தேன். கயிற்றைப் பூங்கொடி பெட்டியின் கைப்பிடியில் கட்டினாள். எதற்கு என்றேன். கொடுத்ததை வீணாக்கக் கூடாது என்றாள்.

ஜூலை 4, வெள்ளி

கம்ப்யூட்டர் சேலைக்குள் கொஞ்சம் சுடுகிறது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து போய் முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.

தெரு ஓரத்தில் வைக்கோல் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். நாச்சிமுத்து அண்ணன் ஓடிப்போய் அவனை அடிக்காத குறையாகத் திட்டினார். எட்டுத் தறி ஓட்டுகிற மனிதருக்கு ஹாரன் மேல் என்ன கோபமோ.

ஜூலை 9, புதன்

சூடு அதிகமாகிவிட்டதால் ரபீக் கடைக்கு எடுத்துப்போனோம். தூறல். பெட்டியைத் துண்டில் சுற்றி, பூங்கொடி வண்டியின் பின்னால் மடியில் வைத்துக்கொண்டாள். தெய்வாத்தாள் அக்கா பதறிக்கொண்டு குடையோடு ஓடி வந்தார். "ஏனுங் தம்பி, மழைல கொண்டுபோறீங்களே! தலைய மூடு கண்ணு, தலைய மூடு!" என்று அவரே துண்டின் மேல் முந்தானையைப் போட்டு மூடினார்.

மின்சாதனத்தில் ஈரம் படக்கூடாது என்று இந்த வயதில் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ரபீக் சூடு கடத்தும் பசையைப் புதிதாக வைத்துக் கொடுத்தான். சூடு குறைந்துவிட்டது.

ஜூலை 12, சனி

மத்தியானம் தறிச் சத்தம் நின்றுவிட்டது. நேற்றும் நின்றது. சோற்று வேளையிலிருந்து காபி வேளை வரை எட்டுத் தறியும் ஓய்ந்து கிடக்கின்றன. கரண்ட் கோளாறாக இருக்கும். ஆனால் எங்கள் வீட்டில் கரண்ட் இருக்கிறது.

எதுவாக இருந்தாலும், வாழ்க்கையில் முதல்முறையாக இந்த அறையில் அமைதியைக் கேட்டேன். வெளியே தறி இல்லை. உள்ளே பெட்டி இல்லை. ஒருவர் தூங்குவதென்றால் தாராளமாகத் தூங்கலாம். பொதுவாகச் சொல்கிறேன்.

ஜூலை 15, செவ்வாய்

எனக்குத் தெரியாமல் வீட்டில் குழந்தைப் பவுடர் டப்பா ஒன்றும், சோப்பு இரண்டும், கம்பளியில் பின்னிய குல்லாய் ஒன்றும் முளைத்திருக்கின்றன. பூங்கொடியைக் கேட்டால் "குடுத்தாங்க" என்கிறாள். யார் என்றால் "எல்லாரும்" என்கிறாள். எதற்கு என்றால் உலை கொதிக்கிறது என்று உள்ளே போய்விடுகிறாள்.

ஜூலை 17, வியாழன்

பத்திரிகை ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். பூங்கொடி பூண்டு உரித்துக்கொண்டே தூளியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை பூண்டில், ஒரு கை தூளியில். மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தாள்.

ஆட்டினால் ஹார்ட் டிஸ்க் கெட்டுவிடும் என்றேன். "ம்" என்றாள். கையை எடுக்கவில்லை.

வேலையைச் சேமித்துவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன். அணைத்திருக்கும்போது ஆட்டினால் ஒன்றும் ஆகாது.

ஜூலை 21, திங்கள்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

காலை டிபன் முடிந்த நேரம். கதவு தட்டினார்கள். திறந்தால் ஒரு மேடம், கையில் பைல். பக்கத்தில் ஒரு பெண் போலீஸ். பின்னால் படியில் தெய்வாத்தாள் அக்கா அழுதுகொண்டு நிற்கிறார்.

"நான் சகாயமேரி. தத்து அலுவலகத்துலேர்ந்து வர்றேன். குழந்தை எங்க சார்?" என்றார் மேடம்.

"எந்தக் குழந்தைங்க?"

"சார், நான் கீழ விசாரிச்சுட்டுத்தான் வர்றேன். தெருவே சொல்லுது, உங்க வீட்டுக்குக் குழந்தை வந்து மூணு வாரமாச்சுன்னு. எங்க மூலமா உங்களுக்கு இன்னும் குழந்தை தரல. அப்ப இது யார்கிட்டேர்ந்து வந்தது? முறைப்படி இல்லாம வாங்கியிருந்தா உங்க பதிவு போறது மட்டுமில்ல, கேஸ் ஆகும்."

பதிவு போகும் என்றதும் என் காதில் வேறெதுவும் விழவில்லை. தெய்வாத்தாள் அக்கா படியிலிருந்து கெஞ்சினார். "மறைக்காதீங்க தம்பி! நல்லபடியாத்தானுங் நாங் சொன்னேன். முப்பது நாள் கழியாம வெளிய காட்டக் கூடாதுன்னு வெச்சிருக்காங்க, நல்ல புள்ள, அழுகவே அழுகாதுன்னு சொன்னனுங். இப்பிடி ஆகும்னு தெரியலீங்களே!"

மேடம் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. நேராகத் தூளிக்குப் போனார். போலீஸ்காரம்மா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தூங்குகிற குழந்தைக்கு முன்னால் அப்படித்தான் தோன்றும் போல. மேடம் மெதுவாக, மிக மெதுவாக, ஒரு விரலால் சேலையை விலக்கினார்.

இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

"மேடம், பச்சை லைட் எரியுது" என்றார் போலீஸ்காரம்மா.

"தெரியுது" என்றார் மேடம்.

கறுப்புக் கயிறு கட்டி, வசம்பு மணக்க, பெட்டி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. தெய்வாத்தாள் அக்கா உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். "அட கருமமே" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் பூங்கொடியைப் பார்த்தேன். அவள் சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். "எனக்குத் தெரியுமுங்க" என்றாள். "அக்கா கயிறு குடுத்தன்னிக்கே தெரியும். எல்லாரும் எங்கையப் புடிச்சுப் புடிச்சுப் பேசுனாங்க. கோயில்ல எனக்கு முன்னால எடம் உட்டாங்க. இல்லீன்னு சொல்ல மனசு வரலீங்க. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்துட்டேன். எம்மேலதான் தப்பு மேடம், அவருக்கு ஒண்ணுந் தெரியாது."

அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது இத்தனை உண்மையாக எப்போதும் இருந்ததில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அவள் மூன்று வாரம் தனியாக இதைச் சுமந்திருக்கிறாள். நான் வசம்பைக் கரப்பானுக்கு வைத்துக்கொண்டிருந்தேன்.

மேடம் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார். பிறகு என்னிடம், "எதுக்கு சார் இதைத் தூளியில போட்டீங்க?" என்றார்.

"சத்தம் வராம இருக்கறதுக்குங்க."

"சத்தம் உங்களுக்கு அவ்வளவு ஆகாதா?" குரல் மாறியிருந்தது. "ஒரு மெஷின் சத்தத்துக்கே இத்தனை செஞ்சிருக்கீங்க. குழந்தை விடாம அழும் சார். கத்தும், பாத்திரத்தைத் தூக்கிப் போடும். அப்ப என்ன பண்ணுவீங்க?"

அப்போதுதான் எனக்குக் கொதித்தது. சொல்லக்கூடாது என்று வைத்திருந்ததெல்லாம் வாயில் வந்துவிட்டது. "எனக்கு என்னங்க சத்தம்! இடி உழுந்தாக்கூட எனக்குத் தூக்கம் வரும்! அது தூங்கோணும்னுதாங்க இத்தன பாடும்! ஒரே ரூமுதான் இருக்குது, இதுல எங்க குழந்த தூங்கும்னு உங்க ஆபீஸ்காரரு கேட்டுட்டுப் போனாரு. நாலு வருசமா அதயேதாங்க நெனச்சுட்டு இருக்கேன். வேற ரூமு கட்ட எங்கிட்ட வக்கில்ல. இந்தப் பொட்டி வாயத்தான் என்னால அடைக்க முடியும்!"

கத்திவிட்டேன். அரசாங்க மேடத்திடம், போலீஸை வைத்துக்கொண்டு. கத்தி முடித்த பிறகுதான் இனி எல்லாம் போச்சு என்று தோன்றியது.

மேடம் பைலைத் திறந்தார். "தெருவுல விசாரிச்சதை எழுதி வெச்சிருக்கேன், படிக்கிறேன், கேளுங்க. பொழுதன்னிக்கும் உடம்பு சுடுதான்னு தொட்டுத் தொட்டுப் பாக்கறார். மழையில மடியில மூடி டாக்டர்கிட்டக் கொண்டுபோனாங்க. வேலையை விட்டுட்டு அந்தம்மா ஆட்டிக்கிட்டே இருக்கு. இப்படிப் பாக்கற அப்பா அம்மாவை நாங்க கண்டதில்லை." மூடினார். "இத்தனையும் இந்தப் பெட்டிக்கு. இதை நான் எப்படி சார் ரிப்போர்ட்ல எழுதறது?"

"எழுதாதீங்க" என்றேன்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவு சிரித்தார். போலீஸ்காரம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்து முடித்து முகம் துடைத்துக்கொண்டு, "பெட்டியைப் பத்தி எழுதினா மேலிடத்துல எனக்குத்தான் கோளாறுன்னு நினைப்பாங்க. மத்ததை எழுதறேன்" என்றார். வாசலில் செருப்பு மாட்டும்போது ஒன்று கேட்டார். "கைக்குழந்தைன்னு மட்டும் குடுத்திருக்கீங்க. கொஞ்சம் வளர்ந்த குழந்தையா இருந்தாச் சம்மதமா?"

பூங்கொடி என்னைப் பார்க்கவே இல்லை. "சம்மதம்" என்றாள்.

ஜூலை 22, செவ்வாய்

நாச்சிமுத்து அண்ணன் தெருவில் நின்று கத்தினார். "ஏனப்பா, ஒரு பொட்டி தூங்கறதுக்கா நான் மத்தியானம் மத்தியானம் தறிய நிறுத்துனேன்? ஆளுகளையெல்லாம் கால் நுனீல நடக்கச் சொன்னனே!"

மன்னிப்புக் கேட்டேன். நான் நிறுத்தச் சொல்லவில்லையே என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். இந்த டைரியால் வந்த ஒரே நன்மை.

ஜூலை 30, புதன்

கொடுத்த பவுடர், சோப்பையெல்லாம் பூங்கொடி திருப்பிக் கொடுக்கப் போனாள். யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. "இருக்கட்டும் கண்ணு, வாரப்ப வேணுமில்ல" என்றாராம் தெய்வாத்தாள் அக்கா.

அக்டோபர் 8, புதன்

போன். பெண் குழந்தை. மூன்று வயது. ஜீவிதா என்று காப்பகத்தில் வைத்த பெயர். போட்டோ அனுப்பினார்கள். முன்னால் ஒரு பந்து வைத்திருக்கிறார்கள், அதைப் பார்க்காமல் போட்டோ எடுப்பவரைச் சந்தேகமாகப் பார்க்கிறாள். என்னைப் போலவே இருக்கிறாள் என்றேன். "மொறைக்கறதப் பாத்தா அப்பிடித்தான் தெரியுது" என்றாள் பூங்கொடி.

அக்டோபர் 29, புதன்

ஜீவிதா வந்துவிட்டாள்.

நவம்பர் 1, சனி

அவள் ஒரு சத்தமும் போடுவதில்லை. சோறு கொடுத்தால் சாப்பிடுகிறாள். படு என்றால் படுக்கிறாள். வாசல்படியில் தடுக்கி விழுந்து முழங்கால் தோல் போய்விட்டது. ரத்தம் வருகிறது. அழவில்லை. நாங்கள் என்ன செய்யப் போகிறோம் என்று எங்களையே பார்க்கிறாள்.

பூங்கொடி சமையலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நவம்பர் 4, செவ்வாய்

சகாயமேரி மேடத்துக்குப் போன் செய்தேன். காது நன்றாக இருக்கிறது, பேச்சும் வரும், பயப்படாதீர்கள் என்றார். பிறகு சொன்னார்: "நிறைய பிள்ளைங்க இருக்கற இடத்துல வளர்ந்ததுங்க அழுறதை மறந்துரும் சார். அழுதாலும் உடனே ஆள் வராதுன்னு தெரிஞ்சுக்கும். விட்டுப் பிடிங்க."

போனை வைத்த பிறகு இந்த அறையின் அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. இதையா இத்தனை பாடுபட்டு உண்டாக்கினேன்? நாச்சிமுத்து அண்ணன் வேறு, யாரும் கேட்காமலே மறுபடி மத்தியானத்தில் தறியை நிறுத்துகிறார். நேரே போய்த் தயவுசெய்து ஓட்டுங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனப்பா, உனக்கு எதுலதான் நிம்மதி?" என்றார்.

நவம்பர் 7, வெள்ளி

பெட்டியைத் தூளியிலிருந்து இறக்கி வெறும் மேஜை மேல் வைத்தேன். செருப்புத் துண்டு, முட்டை அட்டை எல்லாம் குப்பைக்கு. ரபீக்கிடம் பழைய ஃபேனைத் திரும்பப் போடச் சொன்னேன். "அண்ணா, உங்களுக்கு ஒடம்புக்கு நல்லாத்தான இருக்குது?" என்றான்.

இப்போது உய்ங் என்று இரைகிறது. நான் தட்டுகளைக் கீழே போடுகிறேன். பூங்கொடி குக்கரில் விசில் விடுகிறாள். கிலுகிலுப்பை, ஊதல், டமாரம் எல்லாம் வாங்கி வந்து நானே ஊதி நானே அடித்துக்கொண்டிருக்கிறேன். ஜீவிதா என் மடியில் உட்கார்ந்து மரியாதையாகக் கேட்கிறாள். என் சட்டைப் பொத்தானை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்கிறாள்.

நவம்பர் 13, வியாழன்

காலையில் பால் தீர்ந்துவிட்டது. ஜீவிதா சுவரைப் பார்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பூங்கொடி குளிக்கப் போயிருந்தாள். இரண்டு நிமிடம்தானே என்று யாரிடமும் சொல்லாமல் தெருமுனைக் கடைக்குப் போனேன்.

கடையில் சில்லறை வாங்கும்போது ஏதோ கேட்டது. எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அதையும் மீறி என்னமோ ஒன்று. தெருவில் பாதி தூரம் வந்தபோது தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. நாச்சிமுத்து அண்ணன் குடோன் வாசலுக்கு வந்து என்னைப் பார்த்துக் கத்தினார். "சென்னி, ஓடு! உன்ற ஊட்லதான்!"

தொண்டை கிழிகிற அழுகை. இதற்கு முன் நான் அந்தக் குரலைக் கேட்டதில்லை. ஆனாலும் தெரிந்தது. பாக்கெட் பாலைக் குடோன் திண்டிலேயே போட்டுவிட்டு ஓடினேன். படியில் தெய்வாத்தாள் அக்கா பாதி ஏறி நின்று, "எங்க தம்பி போனீங்க? எந்திரிச்சதும் உங்களக் காணாம கத்துதுங்!" என்றார்.

நடுப்படியில் ஒரு நொடி நின்றுவிட்டேன். குழந்தை கதறும்போது அப்பன் படியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. தெரியும். ஆனாலும் நின்றேன். அவள் அழுதுகொண்டே என்னைக் கூப்பிட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. "ப்பா" என்றுதான் கூப்பிட்டாள்.

ஈரத்தலையோடு பூங்கொடி அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு, தானும் அழுது, சிரித்து, என்னைத் திட்டினாள். "சொல்லாம எங்கீங்க போனீங்க! உங்களத்தான் கேக்கறா, எங்கிட்ட நிக்க மாட்டீங்கறா!"

வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். நிறுத்தவில்லை. என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, இத்தனை நாளுக்கும் சேர்த்துக் கத்தினாள். எனக்கு இன்னும் வலது காது அடைத்த மாதிரியே இருக்கிறது.